பானையின் கடைசிக் காசு

எங்க வீட்டுப் படுக்கையறைக் கதவு ஒரு மாசமா அடம் பிடிச்சுட்டிருந்துச்சு. தச்சர் ரெண்டு தடவை வந்து இழைச்சுட்டுப் போனார். மூணாவது தடவை, "கதவுல குத்தமில்லம்மா, நிலையே சாயுது"ன்னார். கூலிக்குப் பேசறார்னு நெனச்சு நாலு வார்த்தை கேட்டு அனுப்பிட்டேன். என் வாய் அப்படி.

எனக்கு வேலை பழங்காசுக் கடையோட பின்னறையில. வர்ற ரோமானியக் காசை டிஸ்டில்டு வாட்டர்ல ஊறவெச்சு, பல்குத்தற குச்சியால மண்ணை எடுத்து, எந்த ராஜா, எந்த ஊர் அச்சுன்னு எழுதி வைக்கணும். ராஜா மூஞ்சியைவிட எனக்குப் பின்பக்கம்தான் முக்கியம். றெக்கை வெச்ச தேவதையோட காலடியில, அச்சடிச்ச ஊரைச் சொல்ற ரெண்டு மூணு எழுத்து இருக்கும். யார் தோண்டி எடுத்தாங்கன்னு மட்டும் கேக்கவே கூடாது. கேட்டா அடுத்த தடவை எதிர்க்கடைக்குப் போயிடுவாங்க.

ஆறு வாரமா ஒரே பானையோட காசுங்க பொட்டலம் பொட்டலமா வந்துச்சு. எல்லாத்துலயும் ஒரே பச்சைக் களிம்பு, ஒரே கறுப்பு மண். பானை எப்ப புதைஞ்சதுன்னு சொல்லணும்னா அதுல இருக்கறதுலயே புதுக் காசு கிடைக்கணும். அது மட்டும் வரல. எனக்கா, ஆசை தாங்கல. "இன்னும் அடியில இருக்கும் சார், தோண்டறவரைப் பாதியில விட வேணாம்னு சொல்லுங்க"ன்னு கடைக்காரரை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் நச்சரிச்சேன். அவரும் சொல்லி அனுப்பினார்.

அதே ஆறு வாரமா வீட்டுல ஒரு அதிசயம். ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாத என் கொழுந்தன், கீழ ஸ்டோர் ரூம்ல தண்ணித் தொட்டி கட்டறேன்னு உள்ள பூட்டிக்கிட்டு வேலை பார்த்தான். "பரவால்லையே, தம்பிக்கு உடம்பு வளையுதே"ன்னு கிண்டல் பண்ணினேன். சிரிச்சுக்கிட்டான். சுவர்ல முடி மாதிரி இருந்த விரிசலுக்குள்ள இப்ப என் விரல் நுழைஞ்சுது. தொட்டி முடியட்டும், சேர்த்துப் பூசிக்கலாம்னு விட்டுட்டேன்.

அன்னிக்கு மகளுக்கு ஜுரம். ஸ்கூலுக்கு அனுப்பாம படுக்கவெச்சுட்டு வேலைக்கு வந்துட்டேன். மத்தியானம் வந்த பொட்டலத்துல மண்ணு ஈரம்கூடக் காயல. காசைப் பிரிச்சா, உள்ள நீலமா ஒரு சில்லு. கழுவிப் பார்த்தேன். டைல்ஸ் துண்டு, பச்சைக் கரை போட்டது. வீடு கட்டினப்போ இந்த டைல்ஸ்தான் வேணும்னு வீட்டுக்காரர்கிட்ட மூணு நாள் பேசாம இருந்து வாங்கினது. உடைஞ்சு மிஞ்சினதை ஸ்டோர் ரூம் தரைக்கடியில நானே கொட்டி நிரப்பினேன். அது காசோட வந்து ஒட்டியிருக்குன்னா, தரைக்கடி மண்ணு குழிக்குள்ள சரிய ஆரம்பிச்சிருச்சு.

அப்ப தோண்டறது எங்க வீட்டுலதான். கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"எங்கடா இருக்க?"

"தொட்டிக்குள்ள, அண்ணி." கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருந்துச்சு குரல்.

"உடனே மேல வா. தோண்டினது போதும்."

"கண்டுபிடிச்சுட்டீங்களா? தூணுக்குக் கீழ பானையோட அடி தெரியுது அண்ணி. இன்னும் ஒரே கொத்துதான். கடைசிக் காசு வேணும்னு சொல்லி அனுப்பிக்கிட்டே இருந்தது நீங்கதானே?"

அவன் மேல வந்த கோவம் பாதியிலயே என் பக்கம் திரும்பிடுச்சு.

"எனக்கு எந்தக் காசும் வேணாம்டா சாமி. ஏறி வந்துடு. மேல பாப்பா தனியாப் படுத்திருக்கா."

பதிலுக்கு மண்ணு உதிர்ற சத்தம்தான் கேட்டுச்சு. அப்புறம் லைன் போயிடுச்சு.

தெருவுல ஓடிக்கிட்டே மகளுக்குப் போட்டேன். முதல் ரிங்லயே எடுத்தா.

"அம்மா, வீடு என்னமோ முனகுது."

"ஒண்ணுமில்ல கண்ணு. எந்திரிச்சுத் தெருவுக்கு ஓடு. செருப்பெல்லாம் வேணாம்."

அவ ஓடற காலடிச் சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கைப்பிடியை ஆட்டற சத்தம். மறுபடியும் அதே சத்தம்.

"அம்மா,"ன்னா, "கதவு வரல."