இஞ்ஞாசியம்மாள் தூங்கிய தூக்கம்

1984 ஜனவரி முதல் 1986 பிப்ரவரி வரை நடிகை தீபகலா ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. அவளுடைய தூக்கத்தையும் சேர்த்துத் திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் அவளுடைய அக்கா இஞ்ஞாசியம்மாள் தூங்கினாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, நல்ல தூக்கம்தான், ஆனால் ஒரு ஆள் தூங்குவதைவிட அதிகம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். மருந்து எதுவும் எழுதவில்லை.

அந்தோனியார் பொங்கலுக்கு ஆடு பிடிக்க அய்யலூர்ச் சந்தைக்குப் போன இடத்தில்தான் இது தொடங்கியது. தீபகலா அப்போது ஆரோக்கியமேரி, வயது பதினெட்டு. தாயார் செபாஸ்தியம்மாளுக்குத் துணையாகப் போயிருந்தாள். சந்தையில் சினிமாக்காரர்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அறுத்துக்கொண்டு ஓடிய ஆட்டை விரட்டிப் பிடிக்க ஒரு பெண் வேண்டும் என்றார்கள். ஆரோக்கியமேரி விரட்டினாள், விழுந்தாள், எழுந்து ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். இன்னொரு தடவை சிரிக்கச் சொன்ன டைரக்டர் இரண்டு நாள் விடவே இல்லை. அந்த இரண்டு நாளும் அவளுக்குக் கண் சொருகவில்லை. வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த இஞ்ஞாசியம்மாள் களைந்த சட்டியைக் கையில் வைத்தபடியே சுவரில் சாய்ந்தாள். இரண்டு நாள் கழித்துக் கண் விழித்தபோது அரிசி புளித்திருந்தது.

மெட்ராஸ் போனபின் பெயர் மாறியது. முதல் வருடம் நாலு படம், அடுத்த வருடம் ஒன்பது. ஒரே நாளில் மூன்று கால்ஷீட்டும் கொடுக்கக்கூடிய பெண் என்ற பெயர் கோடம்பாக்கம் முழுக்கப் பரவியது. காலையில் கல்லூரி மாணவி, மதியம் விதவை, இரவில் காபரே. எதிலும் முகம் வாடவில்லை. அவள் கண்ணைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. அது கர்த்தர் கொடுத்த வரம் என்று அவளும் நம்பினாள். இங்கே நூல் மில்லில் இழை முடிந்துகொண்டிருந்த இஞ்ஞாசியம்மாள் ஓடுகிற மிஷின் மேலேயே சாயப் போனாள். பக்கத்தில் நின்றவள் முந்தானையைப் பிடித்து இழுத்திராவிட்டால் கை போயிருக்கும். அத்தோடு வேலை போயிற்று. அவ்வளவு தூங்கியும் அவளுக்கு அலுப்புத் தீரவில்லை. அடுத்தவர் பசிக்கு உட்கார்ந்து சாப்பிட்டது போல, எழும்போது உடம்பு கனத்துக் கிடந்தது. தூக்கத்தில் கண்ணுக்கு எதிரே பெரிய பெரிய விளக்குகள் எரிந்தன. யாரோ "கட்" என்றார்கள். அது யாருடைய தூக்கம் என்று முதல் மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அவளுக்கு ஒரு கடுதாசி போட்டுச் சொல்லிருவோம்டி" என்றாள் செபாஸ்தியம்மாள்.

"சொன்னா விட்டுட்டு ஓடியாந்துருவா. இப்பத்தான முன்னுக்கு வாரா. கொஞ்ச நாளைக்குத் தூங்கித்தான் குடுக்குறேனே" என்றாள் இஞ்ஞாசியம்மாள். சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது. சில நாள், விழித்திருக்கும் ஒன்றிரண்டு மணி நேரத்தில், தங்கச்சி படம் தோற்றால் தேவலை என்று நினைப்பாள். நினைத்துவிட்டு உடனே சிலுவை போட்டுக்கொள்வாள். தங்கச்சி ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தாள். ஒன்றரை நாள் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "மில்லு வேலை அலுப்பும்மா" என்று செபாஸ்தியம்மாள் மகளிடம் பொய் சொன்னாள். தங்கச்சி அக்காவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, காரேறிப் போய்விட்டாள்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மரியசெல்வம் பெண் பார்க்க வந்தபோதும் இஞ்ஞாசியம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுவாரமும் வந்தான், அப்போதும் தூக்கம். மூன்றாம் வாரம் விழித்திருந்தாள். தனக்கு வந்ததை ஒன்றுவிடாமல் அவனிடம் சொன்னாள், கல்யாணம் வேண்டாம் என்றும் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு, "பஸ்ஸுக்குக் காத்துக்கெடக்குறதுதான் எனக்கு வேலையே. உங்களுக்குக் காத்துக்கெடக்க மாட்டேனா?" என்றான். தன்னை ஒருவன் விழித்த நிலையில் பார்க்க ஆசைப்படுகிறான் என்பதே அவளுக்கு அன்று புதிதாக இருந்தது. 1986-இல் விபூதிப் புதனுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசித்தார்கள். வருவதாக எழுதியிருந்த தீபகலா கடைசி நேரத்தில் பட்டுச்சேலை மட்டும் அனுப்பினாள். பெரிய செட் போட்டு அறுபது பேர் ஆடும் பாட்டு, மூன்று நாள் இடைவிடாமல் எடுக்கிறார்கள்.

காலை ஆறு மணிப் பூசையிலேயே கல்யாணப் பெண் அந்தப் பட்டுச்சேலையோடு கோயில் முன்வரிசைப் பெஞ்சில் தூங்கிப்போனாள். தண்ணீர் தெளித்தார்கள், மணியை ஆட்டினார்கள். பங்குச்சாமியார் நல்லவர், ஆனால் சட்டம் தெரிந்தவர். "பொண்ணு தன் வாயால சம்மதம்னு சொல்லணும். நாளைக்குத் தவக்காலம் பொறந்துரும், பிறகு ஈஸ்டர் முடியிற வரைக்கும் கல்யாணம் கெடையாது. ஆறு மணிக்குச் சாயங்கால மணி அடிச்சதும் கோயிலச் சாத்திருவேன்" என்றார். இரண்டு தடவை பார்த்தும் விழிக்காத பெண், கோயிலிலும் தூங்கிவிட்டாள், இது ஆகாது என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். மரியசெல்வம் எழவில்லை.

செபாஸ்தியம்மாள் தபாலாபீஸுக்கு ஓடி மெட்ராஸ் ஸ்டூடியோவுக்கு ட்ரங்க் கால் போட்டாள். லைன் கிடைத்ததும் இரண்டு வருடத்து விஷயத்தையும் மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டு, "நீ செத்த நேரம் தூங்கு தாயி. அவ எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லட்டும், அம்புட்டுத்தான்" என்று அழுதாள்.

தீபகலா போனை வைத்துவிட்டு, செட்டில் இருந்த ராஜா கட்டிலில் போய்ப் படுத்தாள். விளக்கை அணைத்தார்கள், ஆடுகிறவர்கள் சலங்கையைக் கழற்றினார்கள், தயாரிப்பாளரே விசிறினார். தூங்குவது எப்படி என்று அவளுக்கு மறந்துபோயிருந்தது. அரைமணி நேரம் கண்ணை இறுக்கிப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"கார் வேணும்."

"எங்கம்மா போறே? செட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார் தயாரிப்பாளர்.

"எங்கக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, ஜிகினாப் பாவாடையோடு ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் அழுதாள்.

கோயிலுக்குள் வந்தபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது. அக்காவின் காலடியில் உட்கார்ந்து, "இம்புட்டையும் நீயா தூங்குன?" என்று கேட்டாள். மேட்டுப்பட்டி வீட்டில் ஒரே பாயில் அக்கா முதுகோடு முதுகு ஒட்டித்தான் அவள் பதினெட்டு வருடமும் தூங்கியிருந்தாள். மெட்ராஸ் மெத்தையில் அவளுக்குப் பின்னால் யாருமில்லை. பெஞ்சில் ஒண்டிப் படுத்து முதுகை ஒட்டினாள். ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

இஞ்ஞாசியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். எதிரே காலையிலிருந்து கோட்டைக் கழற்றாமல் இருந்த மரியசெல்வத்தைப் பார்த்தாள்.

"மணி என்ன?"

"அஞ்சு அம்பது" என்றான் டைம் கீப்பர்.

சாமியார் கேட்டு முடிக்கும் முன்பே சம்மதம் என்று சொல்லிவிட்டாள். கடைசிப் பெஞ்சுவரைக்கும் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பூவை எறிந்தார்கள்.

தீபகலா ஒன்பது நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் தயாரிப்பாளர் காரில் வந்து வாசலில் நின்றார். "அவ தூக்கத்த அவ தூங்கட்டும், போயிட்டு வாங்க" என்று இஞ்ஞாசியம்மாள் கதவைச் சாத்தினாள். அந்த ஒன்பது நாளில் ஒருநாள் புருஷனோடு போய், தங்கச்சி படத்தை முதன்முறையாகக் கண் விழித்துப் பார்த்தாள். வழக்கமாக எழுத்துப் போடும்போதே தூங்கிவிடுகிறவள். "நல்லாத்தான் நடிக்கிறா. அழுகதான் கொஞ்சம் சாஸ்தி" என்றாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

பத்தாம் நாள் எழுந்த தங்கச்சி, சினிமாவே வேண்டாம் என்றாள். "ஏண்டி, ரெண்டு வருசம் நான் தூங்குனது வீணாப் போகவா?" என்று அக்கா அதட்டினாள். "போயி நடி. பகல்ல நடி, ராத்திரி படு. ராத்திரி ஷூட்டிங் தட்ட முடியலன்னா முன்கூட்டியே ஒரு கார்டு போட்டுரு."

அதன்பின் தீபகலாவுக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று படம்தான். கண்ணுக்குக் கீழே எல்லோருக்கும் வருவது போல் கருவளையம் வந்தது. கார்டும் அவ்வப்போது வந்தது. அது வந்த அன்று மரியசெல்வம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருப்பான். கஞ்சி காய்ச்சி மூடிவைத்துவிட்டு, தூங்குகிறவளுக்குப் பக்கத்தில் ரேடியோவை மெதுவாக வைத்துக் கேட்பான். 1989 வரை அவன் எழுதிக் கொடுத்த லீவு லெட்டர்கள் பதினொன்று. எல்லாவற்றிலும் காரணம், கொழுந்தியாளுக்கு இரவுப் படப்பிடிப்பு என்றுதான் இருந்தது. டிப்போ மேனேஜர் எந்தப் படம் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.