பரக்ஸ் வாசல்

விடிந்ததிலிருந்தே பேணாட் குசினிக்கும் படலைக்குமாக நடந்துகொண்டிருந்தார். மனைவி கிறேஸ் ஊற்றிவைத்த தேத்தண்ணி குசினி மேசையில் ஆறிக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டாரோடு கல்யாண மண்டபம் பார்க்கப் போகவேண்டும், அவ்வளவுதான் விசயம். அறுபதை எட்டிப்பிடிக்கிற வயது, அன்புவழிபுரத்தில் பாதி வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளைத் திருத்திக் கொடுத்த மனுஷன், ஒரு மண்டபம் பார்க்கப் போவதற்குப் பயப்படுவாரா என்று கேட்டால், பயப்படுவார். மண்டபம் அப்படிப்பட்டது.

துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிற அந்த நீளக் கட்டடத்தை வெள்ளைக்காரன் தன் சிப்பாய்களுக்காகக் கட்டினான். சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. உள்ளே கத்தினாலும் றோட்டுக்குக் கேட்காது. அவன் போனபிறகு கொஞ்சக்காலம் அது அரசாங்கக் களஞ்சியம். சண்டை தொடங்க ஆமிக்காரர் வந்தார்கள். அவர்கள் போக வௌவால் வந்தது. இப்போது யாரோ குத்தகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, ஏசி பூட்டி, கண்ணாடி விளக்குத் தொங்கவிட்டு, ஊர் சொன்ன ‘பரக்ஸ்’ என்ற பெயரையே பலகையிலும் எழுதிவிட்டார்கள். மகள் நிரோஷினிக்கும் அவளைக் கட்டப்போகிற ஜக்சனுக்கும் அந்த இடம்தான் வேண்டுமாம். வளைவுகள் வடிவாம், படம் நல்லாக வருமாம்.

அந்த வளைவுகளுக்குக் கீழேதான் இருபத்திரண்டு வயதில் பேணாட் வரிசையில் நின்றான், சந்தையில் வைத்துப் பிடித்த மற்றப் பெடியன்களோடு. முன்னால் கதிரையில் சாக்கால் முகம் மூடிய ஒருவன், ஆளைக் காட்டிக்கொடுக்கிறவன். அந்தத் தலை ஆடினால் போச்சு. நிலத்தைப் பார் என்பதுதான் அங்கே முதல் பாடம். நிமிர்ந்தவனுக்கு முதுகில் விழும். ஆளுக்காள் ஒரு கை தூரம் விட்டு நிற்கவேண்டும். பேணாட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தலை அவனுக்கு ஆடவில்லை. பக்கத்தில் நின்ற பிரகலாதனுக்கு ஆடியது. அதற்குப் பிறகு பிரகலாதனை ஒருவரும் காணவில்லை. அவனுடைய முகம்கூட இப்போது மறந்துபோச்சு, சுருண்டு நின்ற கால்விரல்கள் மட்டும் நினைவில் இருக்கின்றன.

இதைக் கிறேஸைத் தவிர ஒருவருக்கும் அவர் சொன்னதில்லை. சொல்லாமலே ஒருதரம் வெளியே போய்விட்டது. நிரோஷினிக்கு முதல் வந்த சம்பந்தம், தகப்பன் ஆமிக் காம்பில் பிடிபட்டு இருந்தவராம் என்று யாரோ காதில் போட, அடுத்த கிழமையே கைவிட்டுப் போனது. பெட்டை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த கிடையைப் பேணாட் இன்னும் மறக்கவில்லை. இந்தமுறை ஜக்சனுக்குத் துறைமுகத்தில் வேலை சரிவருகிற நேரம். அவன் பெண்ணெடுக்கிற குடும்பத்தைப் பற்றியும் விசாரிப்பார்கள். அவனுடைய தகப்பன் அஞ்சலோவோ வாய் திறக்காத மனுஷன். இன்ன மண்டபம் என்று பிள்ளைகள் சொன்னபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தாள் எதையோ மோப்பம் பிடித்துவிட்டார் என்று அன்றைக்கே பேணாட்டுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

காய்ச்சலோடு படுத்திருந்த கிறேஸ் எழும்பி, மோட்டார்சைக்கிள் நின்ற படலை வரைக்கும் வந்தாள்.

“வாசல்ல மட்டும் இறங்கிப்போடாதேங்கோ,” என்றாள். “நேர உள்ளுக்கு விடுங்கோ. இப்ப அங்க சென்றி இல்லை.”

அவளுக்குத் தெரியும். அந்த நாளில் ஆமி காவல் நிற்கிற சென்றியைக் கண்டால் தூரத்திலேயே இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியை உருட்டிக்கொண்டு போய் அடையாள அட்டையை நீட்டவேண்டும். சண்டை முடிந்து எத்தனையோ காலமாகியும் சீருடையைக் கண்டால் பேணாட்டின் கால் தானாக நிலத்தில் ஊன்றும். வங்கி வாசல் காவலாளிக்கே ஒருமுறை அட்டையை நீட்டியவர். நிரோஷினி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வழிநெடுக அவள் பின்னாலிருந்து பூ அலங்காரத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டே வந்தாள். அவர் எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றார். மாதாவே, இறங்காமல் போகவிடு, இந்த ஒருக்காத் தாண்டவிடு என்று மனதுக்குள் மன்றாடிக்கொண்டிருந்தார்.

வாசல் வளைவின் கீழே நீலச் சீருடையோடு ஒரு இளம் காவலாளி நின்றான். வண்டி விடுகிற இடத்தைக் காட்டத்தான் கையை உயர்த்தினான். கை உயர்ந்ததுதான் பேணாட்டுக்குத் தெரியும். மற்றதெல்லாம் நடந்து முடிந்தபிறகுதான் தெரிந்தது. மகளை றோட்டிலேயே இறக்கிவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு வந்திருந்தார். ஹெல்மெட் கைப்பிடியில் தொங்கியது. நீட்டிய கையில் அடையாள அட்டை இருந்தது.

“அப்பா,” என்று நிரோஷினி மெல்லக் கூப்பிட்டாள். இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.

பின்னால் மாப்பிள்ளை வீட்டு ஓட்டோ வந்து நின்றது. முடிஞ்சுது, பிள்ளையின் கல்யாணம் இந்த வாசலோடு முடிஞ்சுது என்று பேணாட் நினைத்தார். செருப்புச் சத்தம் ஒன்று நெருங்கி வந்து, அவருக்குப் பக்கத்தில், சரியாக ஒரு கை தூரம் விட்டு நின்றது. கல்யாணம் பேச வந்த ஆட்கள் அப்படி நிற்பதில்லை. பேணாட் தலையை உயர்த்தப் பார்த்தார்.

“நிலத்தைப் பாருங்கோ, சம்பந்தி,” என்றார் அஞ்சலோ, உதடு அசையாமல்.

பேணாட் நிலத்தைப் பார்த்தார். பக்கத்துச் செருப்புக்குள் கால்விரல்கள் சுருண்டிருந்தன. இந்தாளும் வேறொரு நாள் அந்த வரிசையில் நின்றவர்தான். இரண்டு பேரும் நீட்டிய அட்டைகளைக் காவலாளிப் பெடியன் வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஓட்டோவுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் இருவரும் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே யாரோ ஒலிபெருக்கியில் கல்யாணப் பாட்டொன்றைப் போட்டுப் பார்த்தார்கள். ‘போங்கோ’ என்று தான்தான் சொல்லவேண்டும் என்பது அந்தப் பெடியனுக்குத் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் தலை குனிந்தபடி நின்றுகொண்டேயிருந்தார்கள்.