இடிவண்ணனின் அம்மா சாகாத தொடர்

புதிய கார்ட்டூன் தொடரில் இடிவண்ணனின் அம்மா சாகவில்லை. அதனால் சனிக்கிழமை எபிசோடு முடிந்ததும் அவன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. திருச்சி எடமலைப்பட்டிப்புதூரில், அவனுடைய அம்மா ஞானசுந்தரியின் வாசலில் வந்து நின்றான்.

முந்தைய மூன்று தொடர்களிலும் அம்மா தொடக்கத்திலேயே இறந்துபோவாள். அந்தத் துக்கத்தில் இடிவண்ணன் வானத்தில் எழும்பி ஊரைக் காப்பாற்றுவான். ஞானசுந்தரி அவற்றைப் பார்த்ததில்லை. அவள் பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளர். வீட்டில் பேச ஆளில்லாததால், மதுரைப் பேருந்தைப் பற்றித் தேவைக்கு மேல் நாலு வார்த்தை சேர்த்தே அறிவிப்பாள். இப்போது வீட்டுக்கே ஒரு பிள்ளை வந்துவிட்டான்.

"செருப்பைக் கழட்டிட்டு வாப்பா."

"அது காலோட சேர்த்து வரைஞ்சதும்மா."

"அப்போ காலைத் துடைச்சிட்டு வா."

அவனுக்குக் கைக்கு நாலு விரல்தான். ரசம் சாதத்தை அள்ளினால் பாதி தட்டிலேயே தங்கிவிடும். தலை மெல்லத் திரும்பாது. நேராக இருந்த முகம் போய்ச் சட்டென்று பக்கவாட்டு முகம் வந்துவிடும். படுத்து எழுந்தால் தலையணை உறையில் அவனை வரைந்த கறுப்புக் கோடு படிந்திருக்கும். ஞானசுந்தரி அதைத் தனியாக ஊறவைத்தாள்.

அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது. மேகத்துக்குள்ளே போனால் மூச்சு முட்டுமா, பறக்கும்போது தூக்கம் வந்தால் என்ன செய்வான், கீழே நம் வீடு தெரியுமா. ஒவ்வொரு கேள்விக்கும் அவன் எழுந்து நின்று பதில் சொன்னான். உட்கார் என்றால் உட்கார்வான். அடுத்த கேள்விக்கு மறுபடி எழுந்துவிடுவான்.

புதிய தொடரில் அவனால் தென்னைமர உயரத்துக்கு மேல் பறக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று தீப்பிடித்தது. இடிவண்ணன் இரண்டாவது மாடிவரை போய் அங்கேயே நின்றான். மேல்மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, "தம்பி, இன்னும் கொஞ்சம்" என்றார்கள். முடியவில்லை. தீயணைப்பு வண்டி வந்து அவர்களை இறக்கியது. ஞானசுந்தரி டிவியை அணைத்துவிட்டு அவனுக்குப் பிடித்த உருளைக்கிழங்கு வறுவலை அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் தொடரின் தலைமை எழுத்தாளர் ஹாஜிரா வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வீட்ல அம்மா காத்துக்கிட்டு இருக்காங்கன்னா அவனுக்கு மேல போகத் தோண மாட்டேங்குது. வர்ற சனிக்கிழமை பழைய மாதிரியே பண்ணிடலாம்னு இருக்கோம். துருவேந்தன் முன்னாடியே ஒருதரம் வந்து இடத்தைப் பார்த்துக்குவாரு."

"எத்தனை மணிக்கு வருவாரு? நான் டூட்டிக்குப் போகணும்" என்றாள் ஞானசுந்தரி.

துருவேந்தன்தான் வில்லன். அவர் தொட்ட இரும்பெல்லாம் துருப்பிடித்து உதிரும். சாயங்காலம் வந்தவர், இரும்பு கேட்டைத் தொடாமல் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தாள். அது துருப்பிடிக்கவில்லை. அவர் அதை நிம்மதியாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். புதிய தொடரில் அவருக்குக் கொஞ்சம் நல்ல மனசு கொடுத்திருந்தார்கள். அது அவருக்கு இன்னும் பழகவில்லை.

"முன்னாடி என்னை எப்படிக் கொன்னீங்க, தம்பி?"

"முதல் தொடர்ல ரயில் பாலத்தைத் துருப்பிடிக்க வெச்சேன்க்கா. ரெண்டாவதுல படகோட ஆணிங்க. மூணாவதுல அதுக்கெல்லாம் நேரமில்ல. நேரா மாலை போட்ட போட்டோதான்."

"பாலத்துல நான் கத்தினேனா?"

"இல்லக்கா. 'வண்ணா, சீக்கிரம் வீட்டுக்குப் போ'ன்னு சொன்னீங்க."

ஞானசுந்தரி காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றாள்.

துருவேந்தன் ஜன்னல் கம்பியைப் பார்த்தார். மின்விசிறிக் கொக்கியைப் பார்த்தார். "இதுவே போதும்க்கா, உங்களுக்கு வலிக்காது" என்றார். கிளம்பும்போது வாசலில் தயங்கினார். "உங்க பையன்கிட்டயும் கேட்டாங்க. அவரும் சரின்னுட்டாராம்."

அதுவரை ஞானசுந்தரிக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை. இது பட்டது.

அன்று இரவு இடிவண்ணன் வந்தபோது அவள் பேசவில்லை. தட்டைப் போட்டாள், சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள். "அம்மா" என்றான். அப்பளத்தை வைத்துவிட்டு உள்ளே போனாள். "என்னம்மா ஆச்சு?" என்று அடுக்களை வாசலில் வந்து நின்றான். அவள் குழாயைத் திறந்து பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தாள். அந்த வாரம் முழுக்க அப்படியே. பேருந்து நிலையத்தில் மட்டும் எல்லா ஊர்ப் பெயரையும் சற்று உரக்கவே சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஞானசுந்தரி விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். துருவேந்தன் ஸ்டூலில் ஏறி விசிறிக் கொக்கியை நோக்கிக் கையை நீட்டினார். இடிவண்ணன் வாசலில் நின்றான்.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை பேசுங்கம்மா."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவன் படியிறங்கித் தெருவுக்குப் போனான். அங்கிருந்து எழும்பினான். தென்னைமரம் கீழே போனது. செல்போன் கோபுரம் கீழே போனது. மலைக்கோட்டை ஒரு கூழாங்கல்லாகி, பிறகு அதுவும் தெரியவில்லை. துருவேந்தன் ஸ்டூலிலிருந்து இறங்கி ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தார்.

"மூணு தொடர்லயும் இவ்வளவு தூரம் போனதில்லக்கா" என்றார்.

ஞானசுந்தரி திரும்பவில்லை. ஆனால் டிவியின் ஒலியைக் கூட்டினாள்.

அன்று ஊருக்கு மேலே கவிழ்ந்து கிடந்த செயற்கைக்கோள் ஒன்றை அவன் நிமிர்த்தி வைத்தான். திரும்பி வந்தபோது தலைமுடியில் ஐஸ் உறைந்திருந்தது. ஞானசுந்தரி துண்டை எடுத்துவந்து துவட்டினாள். நெடுநேரம் துவட்டிய பிறகுதான் பேசினாள்.

"நான் சாகறதுக்கு ஏன்டா சரின்னு சொன்ன?"

"உங்களோட எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியலம்மா. நீங்க செத்துட்டா எப்படி இருக்கணும்னு நல்லாத் தெரியும்."

துண்டு அவன் தலைமேலேயே நின்றது.

"அது மூணுதரம் பழகினது. இது இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு. வரும்" என்றாள். "உட்காரு. எழுந்திரிச்சு எழுந்திரிச்சு நிக்காத."

அவன் உட்கார்ந்தான். ஈரத்தில் அவனுடைய கறுப்புக் கோடுகள் கொஞ்சம் கலைந்திருந்தன. வறுவலை எடுத்து வைத்தாள். துருவேந்தனும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அம்மா சாக வேண்டியதில்லை, பேசாமல் இருந்தாலே போதும் என்று ஹாஜிரா எழுதிக்கொண்டார். சிரமமெல்லாம் ஞானசுந்தரிக்குத்தான். அந்த முதல் கோபம்போல் வேறெதுவும் நிற்கவில்லை, இரண்டு நாளில் ஆறிப்போகும். ஆகவே வெள்ளிக்கிழமை வந்தால் இடிவண்ணன் ஏதாவது செய்துவைப்பான். ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவான். மாவு டப்பாவைத் திறந்தபடி விட்டுவிடுவான். ஒருமுறை, அவள் போட்ட காபியைவிட ஹாஜிரா வீட்டுக் காபி நன்றாக இருந்தது என்றான். அந்தச் சனிக்கிழமை அவன் நிலாவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். அவனைத் திரும்ப வரவழைக்க ஞானசுந்தரி மொட்டைமாடியில் நின்று, பேருந்து நிலையக் குரலில், அவன் பெயரை இரண்டுமுறை அறிவிக்க வேண்டியிருந்தது.

திங்கள்கிழமை காலை கேட்டருகே விமானி உடுப்பில் ஒருவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், பால் பூத்தை ஒட்டி, ஒரு விமானம் நின்றிருந்தது. இறக்கை இரண்டு வீடுகளின் மாடிச்சுவர் மேல் கிடந்தது. அங்கே துணி காயவைத்திருந்தார்கள்.

"கொஞ்ச நாளா மேல எழும்ப மாட்டேங்குதும்மா. நீங்க ஒருதரம் இதுகிட்ட பேசாம இருந்து பார்த்தீங்கன்னா..."

"நான் இதுகிட்ட இதுவரைக்கும் பேசினதே இல்லையே. பேசவே பேசாத ஒருத்தர்கிட்ட எப்படி சார் பேசாம இருக்கறது?"

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ஞானசுந்தரி உள்ளே போய் ஒரு மணைப்பலகையை எடுத்துவந்தாள். விமானத்தின் மூக்குக்கு நேராகப் போட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"என்னப்பா, சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தாள்.