சங்கமித்ராவுக்கு ஒரு டான்ஸ் கிளாஸ்

மகள் படிக்கப் போன ஊரின் பெயர் முனிகிருஷ்ணனின் வாயில் நுழையவே இல்லை. கேட்பவர்களிடம் போலந்து என்று மட்டும் சொல்லிவிடுவார். ஒக்கலிபுரத்தில் அவர்கள் தெருவிலிருந்து ஸ்காலர்ஷிப் வாங்கி வெளிநாடு போன முதல் பெண் சங்கமித்ரா. வழியனுப்பத் தெருவே வண்டி பிடித்து ஏர்போர்ட்டுக்கு வந்தது. அங்கே குளிர் தொடங்கியதும் அவள் பேச்சு சுருங்கிப்போனது. வீடியோவில் வந்தால், "சாப்ட்டேன்பா, தூங்கப்போறேன்பா" என்பதோடு சரி.

ஒரு நாள் அவர் விடாமல் கிண்டிக் கேட்டார்.

"டான்ஸ் ஆடி எவ்ளோ நாளாச்சு தெரியுமாப்பா," என்றாள். "இங்க கிளாஸ் எதுனா இருக்கும். தேடத் தெம்பு இல்ல."

கணேச விழா மேடை, கன்னட ராஜ்யோத்சவ மேடை எதையும் விடாதவள் அவள். பாத்திரம் தேய்க்கும்போதுகூடக் கால் சும்மா இருக்காது.

"திரும்பி வரச் சொல்லிடுங்க," என்றாள் அவர் மனைவி ஜானகி. "கொழந்த காஞ்சுபோயிட்டா."

வரச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. இருக்கச் சொல்லவும் துணிவில்லை. ரயில் பெட்டிகளுக்குத் தண்ணீர் நிரப்புவது அவர் வேலை. குழாயைச் சொருகிவிட்டு நிற்கிற நேரமெல்லாம் இதே யோசனைதான். கடைசியில், ஸ்ரீராமபுரத்தில் பேக்கரிக்கு மேலே சங்கமித்ராவுக்கு ஆடக் கற்றுக்கொடுத்த கிஷோரைத் தேடிப் போனார்.

"மாஸ்டர், பாப்பா இருக்கற ஊர்ல ஒரு டான்ஸ் கிளாஸ் பாத்துக் குடுங்க."

கிஷோர் சிரிக்கவில்லை. அவர் காட்டிய சீட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்துப் போனில் தேடினான். ஒரு இடம் சின்னப் பிள்ளைகளுக்கு. இன்னொன்று ஜோடியாக வருகிறவர்களுக்கு மட்டும். மூன்றாவதில் நம்பர் இருந்தது. நானே பேசுகிறேன் என்று பிடிவாதமாகப் போனை வாங்கிக் கூப்பிட்டார் முனிகிருஷ்ணன். ஒரு பெண் எடுத்தாள்.

"மேடம், மை டாட்டர், டான்ஸ்."

அவள் ஏதோ கேட்டாள். அவர் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அவள் பொறுமையாக, மெதுவாக மறுபடி கேட்டாள். அப்போதும் புரியவில்லை. அவருக்கு நெற்றி வியர்த்தது. கிஷோர் போனை வாங்கிப் பேசி முடித்தான்.

"சனிக்கிழம காலைல பேட்ச் இருக்காம் அங்கிள். யாரு வேணா வரலாமாம். அட்ரஸ பாப்பாவுக்கு அனுப்பிடறேன்."

அந்தச் சனிக்கிழமை மகள் கூப்பிட்டாள். "போனேன்பா. கண்ணாடிக் கதவு. உள்ள எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம். வெளியவே நின்னு பாத்துட்டு வந்துட்டேன்."

ஒரு கதவைத் தள்ளுவதற்கு என்னம்மா என்று கேட்க வாயெடுத்தவருக்கு, அந்தப் பெண்ணிடம் போனில் தான் தவித்தது நினைவுக்கு வந்தது.

"அடுத்த வாரம் போகறச்சே எனக்குப் போன் போடு. நானும் கூட வரேன்."

சொன்னபடியே போட்டாள். அவளுக்குக் காலை, அவருக்கு மத்தியானம், பிளாட்பாரத்தில் டியூட்டி. அவள் மூச்சு கேட்டது, காலடியில் பனி நொறுங்குவது கேட்டது.

"என்னப்பா பேசறது?"

"ஒண்ணும் பேசாத. நட."

"கதவாண்ட வந்துட்டேன்பா."

அந்த நேரம் பார்த்து வண்டி வந்து நின்றது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழாயை இழுத்தபடி ஓடினார். தலைக்கு மேலே கன்னடத்தில் அறிவிப்பு அலறியது.

"தள்ளும்மா."

"கேக்கலப்பா."

"தள்ளுன்னேன்," என்று கத்தினார். ஜன்னலோரம் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பைக்குள்ளிருந்து தூரத்துப் பாட்டு போல ஏதோ கேட்டது. யாரோ ஒரு பெண் எதையோ கேட்டாள். லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பித் தண்ணீர் அவர் பேன்ட்டில் வழிந்தது. அடுத்த பெட்டிக்குப் போயாக வேண்டும், போனார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் பார்த்தார். ஜானகியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உள்ள போயிட்டேன்பா. பின்னால நின்னேன். ஸ்டெப் ஒண்ணும் வரல, மூச்சுதான் வாங்குச்சு. யாரும் பேசல. அடுத்த வாரம் போவேனான்னு தெரியல."

"அழறாளா, சிரிக்கறாளா?" என்றாள் ஜானகி.

மறுபடி போட்டுக் கேட்டார். தெரியவில்லை. "சரிம்மா" என்று மட்டும் அனுப்பிவிட்டு, அவள் அதைப் பார்த்துவிட்டாளா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.