மாடு நுழையாத வாசல்

மந்தைவெளியில் குப்பை கொட்டிக் கிடந்த மனையைப் பூங்காவாக்கிக்கொள்ளலாம் என்று நாற்பத்தெட்டில் நகரசபை அனுமதி கொடுத்தது. தெருக்காரர்கள் உடனே கமிட்டி போட்டார்கள். கமிட்டி போட நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. வேலை செய்யத்தான் ஆள் தேட வேண்டும். வரைபடம் போடும் வேலை மர்சலின் டீச்சர் தலையில் விழுந்தது. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள், கோடு நேராகப் போடுவாள் என்பதுதான் தகுதி.

கை மட்டும்தான் அவளுடையது. யோசனையெல்லாம் அவள் கணவன் லியோனார்டுடையது. யுத்தத்தில் பர்மா எல்லையில் ரோடு போடும் பட்டாளத்தில் இருந்தவன். லாரி கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல், ராணுவ ஆஸ்பத்திரி கொடுத்த சக்கர நாற்காலியோடு வீடு வந்து நாலு வருஷமாகிறது. கோயிலுக்குக்கூடப் போவதில்லை. படியில் நாலு பேர் தூக்கிக்கொண்டு போவதை அவனால் சகிக்க முடியவில்லை. சாமியாரே வீட்டுக்கு வந்து பூசை அப்பம் நன்மையாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அப்படிப்பட்டவன் இந்த வரைபடத்தைப் பார்த்ததும் வாய் திறந்தான்.

"எங்கியும் படி வேணாம், மர்சலின். மேடு வந்தா சரிவா வெட்டச் சொல்லு. பாதைக்குச் செம்மண்ணும் சரளையும் போட்டு நல்லா இடிக்கணும். மணலா வுட்டா சக்கரம் புதைஞ்சிடும்."

"சொல்றேங்க."

"அந்தப் புங்க மரத்தாண்ட ஒரு பெஞ்சு போட்டு, பக்கத்துல கொஞ்சம் இடம் வுடு. நாற்காலியை நிறுத்திக்கினு நானும் உன்னோட உக்காந்துக்கறேன்."

வெளியே போக வேண்டும் என்று நாலு வருஷத்தில் அவன் ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை. மர்சலினுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவள் தலையாட்டினாள், புங்க மரத்தடியில் இடம் விட்டு வரைந்தாள், அரிசி களைய எழுந்து போனாள். மனசு மரத்துப்போய் வெகுநாளாகிவிட்டது.

கமிட்டி எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டு, கடைசியில் வாசலில் வந்து மாட்டிக்கொண்டது. வீட்டு வாசலில் கறந்து முடித்ததும் பால்காரர்கள் மாடுகளைத் தெருவில் அவிழ்த்து விடுவது வழக்கம். சுவரில் ஒட்டிய காகிதத்தையே விட்டு வைக்காத மாடுகள், புதுப் பூச்செடியை விடுமா?

"கட்டிப் போடச் சொன்னா என்ன?" என்று ஒருவர் கேட்டார்.

"யார் சொல்றது?" என்று சீறினாள் கமிட்டியில் இருந்த விஜயலக்ஷ்மி. "நான் சொன்னா, அவன் மாட்டை ஓட்டிண்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவான். எங்காத்துல கைக்குழந்தை இருக்கு."

பால்காரனைப் பகைத்துக்கொள்ள ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. கமிட்டித் தலைவர் ஷாஹுல் ஹமீதுதான் வழி சொன்னார். இரும்புக் கடைக்காரர், அவருக்குத் தோன்றிய வழியும் இரும்பில்தான் இருந்தது. வாசல் நடுவில் ஒரு கம்பம், அதன் தலையில் சிலுவை மாதிரி நாலு கம்பி. தள்ளினால் சுற்றும். ஆள் ஒவ்வொருவராக நுழையலாம், மாடு நுழைய முடியாது. எல்லோரும் கை தூக்கினார்கள். மர்சலினும் தூக்கினாள். பெரிய சிக்கல் ஒன்று தீர்ந்தது என்று எல்லோரையும் போலத் திருப்தியாக வீட்டுக்கு நடந்தாள்.

"இன்னா ஆச்சு? வாசல் எம்மாம் அகலம்?" என்று லியோனார்ட் கேட்ட பிறகுதான் அந்தக் கம்பிக்குள் நாற்காலியும் நுழையாது என்று அவளுக்கு உறைத்தது. தினமும் தள்ளுகிற நாற்காலி அவளுக்கு மறக்கவில்லை. அது தெருவைத் தாண்டிப் போகும் என்பதைத்தான் அவள் நினைக்கவே இல்லை.

ஒளிக்காமல் சொன்னாள். அவன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மாடு வந்தா எல்லாம் பாழாப் பூடும்தான்" என்றான். "நீ போய்ட்டு வா."

பூங்கா திறந்ததும் அவள் தினமும் சாயங்காலம் போனாள். போகாவிட்டால் அவன் கோபித்துக்கொண்டான். புங்க மரத்தடியில், விட்டு வைத்த இடத்தில் பிள்ளைகள் கோலி ஆடினார்கள். பெஞ்சில் உட்கார்ந்தால் அவள் கைகள் மடியில் சும்மா கிடந்தன. யாரையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டாம், யார் முதுகுப் புண்ணையும் கழுவ வேண்டாம். கொஞ்ச நாளில் காற்றில் வந்த கடல் வாசனை மூக்குக்குத் தெரிந்தது. ஒரு நாள் காரணமில்லாமல் அழுகை வந்தது. அழுதுவிட்டு நன்றாக இருந்தது என்று ஆச்சரியப்பட்டாள்.

அப்படி ஒரு சாயங்காலம் ஷாஹுல் ஹமீது அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

"டீச்சரம்மா, தப்புப் பண்ணிட்டேன். நம்ம சாரை மறந்தே பூட்டேன் பாருங்க. நேத்துதான் மண்டையில உறைச்சுது. கம்பத்துக்குப் பக்கத்துல ஒரு பெரிய கேட்டு வச்சிடறேன், கடையிலயே கீது. பூட்டு போட்டு சாவியை உங்க கையில குடுத்துடறேன். சாரை இட்டாறப்போ தொறந்துக்குங்க. மாடும் வராது. இன்னா சொல்றீங்க?"

சரி பாய் என்றால் போதும். இந்த வாரமே லியோனார்ட் இந்த மரத்தடிக்கு வந்துவிடுவான். தாகம் என்பான், கால் வழுக்குது தூக்கி வை என்பான், அவளைப் பார்த்துச் சிரிப்பான்.

"வேணாம் பாய்" என்றாள். "அவருக்கு வெளியே வர இஷ்டமில்ல."

"அப்டியா? கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டுட்டேன்."

அவர் பெருமூச்சு விட்டார். "பாவம், நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டு, சரளைப் பாதையில் மெள்ள நடந்தார். வாசலில் கம்பி சுற்றும் சத்தம் கேட்கும்வரை அவரைக் கூப்பிட நேரம் இருந்தது. மர்சலின் கூப்பிடவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது.