இருபத்திரண்டு வருஷமாக அவுட்

"என்னை உள்ள எடுங்க" என்றாள் முத்துப்பேச்சி.

கபடியில் இதை மட்டும் கேட்கவே கூடாது. அவுட்டானவள் ஓரத்து பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். தன் அணி ஒரு பாயிண்ட் எடுத்தால்தான் உள்ளே வரலாம். அவள் அணி இருபத்திரண்டு வருஷமாக ஒரு பாயிண்டும் எடுக்கவில்லை. அதனால் அவளும் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு மட்டும் நடுவரிடம் கேட்டு அரைநாள் போய்வந்தாள்.

நடுவர் பாக்கியமணி இன்னும் விசிலைக் கழற்றவில்லை.

போன மாதம் பெஞ்சைச் சுற்றி ஒரு சினிமா கம்பெனி வந்து இறங்கியது. படம் அவளைப் பற்றித்தான். புகழ் மங்கிவிட்டது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்டார்கள். அவர் பெஞ்சுக்கே வந்து, டார்ச் அடித்துப் பார்த்து, 'முழுவதும் மங்கியுள்ளது' என்று கையெழுத்துப் போட்டார். வலிக்கிற முழங்காலைத் தனியாக ஒப்பந்தம் செய்தார்கள். அதற்கு கேரவன் உண்டு. அவளுக்குக் கிடையாது.

முத்துப்பேச்சியாக நடிப்பவள் நிவேதிகா. இருபத்திரண்டு வயசு, நல்ல கால்கள். முத்துப்பேச்சியின் அணிக்காக இறங்கி, ஒவ்வொரு டேக்கிலும் தோற்றாள். ஒவ்வொரு தோல்விக்கும் கோர்ட் கொஞ்சம் நீண்டது. இப்போது எதிரணியைத் தொட ஷேர் ஆட்டோவில்தான் போக வேண்டும். கபடி கபடி என்று பாடிக்கொண்டே ஏறுவாள், பாடிக்கொண்டே இறங்குவாள்.

"பெஞ்சுல இருந்து அப்படிக் கேக்கக் கூடாதுக்கா" என்றான் டைரக்டர் சரவணப்பெருமாள்.

"தெரியும். கேட்டாச்சு."

"தோத்தாத்தான் படம். நீங்க கலங்கி உக்காரணும், ஜனம் அழணும்."

"நான் உக்காந்துதான இருக்கேன். எவன் அழுதான்?"

"முழங்கால் பிரமாதமா பண்ணுதுக்கா. நீங்கதான் சிரிச்சிடுறீங்க."

எப்படி விழுவது என்று காட்ட அவனே கோர்ட்டுக்குள் இறங்கி, எதிரணியோடு நின்றான். பாடிக்கொண்டிருந்த நிவேதிகா அவன் தோளைத் தட்டிவிட்டு, ஆட்டோவில் தாவி ஏறி, நடுக்கோட்டைத் தொட்டாள்.

விசில்.

"ஏம்மா என்னைத் தொட்ட?"

"அந்தப் பக்கம் நின்னீங்களே சார்."

பாக்கியமணி நோட்டைத் திறந்தார். "டைரக்டர் அவுட். ஒரு பாயிண்ட். முத்துப்பேச்சி, உள்ள வா."

டைரக்டர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். இடம் இன்னும் சூடாக இருந்தது.

"இங்க எவ்ளோ நேரம்க்கா?"

"பழகிரும் தம்பி."

அவள் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தாள். கேரவனிலிருந்து முழங்கால் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது.

"அக்கா, கடைசியா ஒரே ஒரு தடவை தோத்துருங்க. படம் முடிஞ்சிரும்!" என்று பெஞ்சிலிருந்து கத்தினான் டைரக்டர்.

அவள் நடுவரைப் பார்த்தாள். "இப்பம் நான் அவுட்டு இல்லல்லா?"

"இல்ல."

"எழுதிட்டீயளா?"

"எழுதியாச்சு."

"அப்பம் ஆளை மாத்துங்க. எனக்குப் பதிலு இந்தப் புள்ள ஆடட்டும்."

"அவளும் முத்துப்பேச்சிதானே?"

"முத்துப்பேச்சிக்குப் பதிலு முத்துப்பேச்சி. ஜெயிக்கிறவ."

பாக்கியமணி சட்டப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். எல்லோரும் டீ குடித்து முடித்தார்கள். "ஆள் மாத்தி வெளிய போறது அவுட்டுல சேராது" என்றார்.

அது முத்துப்பேச்சிக்கு முன்னமே தெரியும். பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் டைரக்டர் மெதுவாக, "என்னை உள்ள எடுங்க" என்றான்.

விசில் நீளமாக ஒலித்தது. அதைக் கேட்கக் கூடாது.

அவள் திரும்பவில்லை. முழங்கால்தான் கொஞ்சம் திரும்பியது. அதை ஒரு தட்டு தட்டி நேராக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டினாள்.