கடைக்குட்டியில் ஓர் இருக்கை

அந்த ஹெலிகாப்டர் தொழிற்சாலையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் ஞாபகமில்லை. தராசு, அவ்வளவுதான். எடைப் பிரிவின் தலைவர். ஹெலிகாப்டருக்குள் போகிற ஒவ்வொரு திருகாணியும் அவர் கையில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கொக்கி வைத்த சின்ன வில்தராசு ஒன்று எப்போதும் இருக்கும். அவர் தலை தெரிந்தாலே வரைபட அறையில் உள்ளவர்கள் மேஜைமேல் கிடப்பதை எல்லாம் அள்ளி இழுப்பறைக்குள் தள்ளிவிடுவார்கள். அகப்பட்டால் போச்சு. "இந்தப் பட்டை எதுக்கு இவ்வளவு தடிமன்? நடுவுல ஓட்டை போடு" என்பார். ஓட்டை போட்டுக் கொண்டுபோய்க் காட்டினால், "பரவால்ல, இன்னும் ரெண்டு போடு" என்பார்.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் தனக்கும் அதே சட்டத்தைத்தான் வைத்திருந்தார். சோதனைக் கணக்குகளில் ஓர் ஆள் என்றால் இத்தனை கிலோ என்று ஒரு விதி உண்டு. கல்யாணமான நாளிலிருந்து அவர் அதே எடையில் நிற்கிறார். "விதிப்படி மனுஷன்னா அது நான்தான்யா" என்று மார்தட்டிக்கொள்வார். அவரிடம் தாராளமாக இருந்தது ஒன்றே ஒன்று, மீசை. அதற்கு மட்டும் அளவும் இல்லை, எடையும் இல்லை. காலையில் கண்ணாடி முன்னால் அதை முறுக்கிவிட அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அவர் மனைவி குளித்துக் கிளம்பி வேலைக்கே போய்விடுவாள்.

தொழிற்சாலை செய்கிற ஹெலிகாப்டர்களுக்கு எண்ணும் எழுத்துமாக நீளநீளமாகப் பெயர்கள் உண்டு. யார் அதையெல்லாம் சொல்கிறார்கள்? முதலில் பிறந்தவன் மூத்தவன். ஒற்றை எஞ்சின், கண்ணாடி மூக்கு, ஐந்து பேர் உட்காரலாம். வயலுக்கு மருந்தடிக்கக் கூப்பிட்டாலும் போவான், மலைமேல் சிமென்ட் ஏற்றக் கூப்பிட்டாலும் போவான், தங்கமான பிள்ளை. ஆனால் ஒற்றை எஞ்சினை நம்பி ஊர்க் கூரைகளுக்கு மேலே பறக்கக் கூடாதென்று சட்டம் வந்தது. உடனே அதே உடம்பில் இரண்டு எஞ்சின் வைத்து, வாலைக் கொஞ்சம் நீட்டி நடுவுலவனைப் பெற்றார்கள். இடையில் கடலில் இறங்க மிதவை கட்டியவன், காட்டுத்தீக்குத் தண்ணீர்ப் பை தொங்கவிட்டவன் என்று சித்தப்பா பிள்ளைகளாக நாலைந்து பேர். இப்போது கடைக்குட்டி. ஆம்புலன்ஸ் வேலைக்கென்றே பிறக்கிறவன். வாலைத் தூக்கி மேலே வைத்து, அடியில் இரட்டைக் கதவு வைத்திருந்தார்கள். கதவைத் திறந்தால் ஸ்ட்ரெச்சரை நேராக உள்ளே தள்ளிவிடலாம்.

மூத்தவன் வாக்குக் கொடுத்த எடையைத் தாண்டித்தான் பிறந்தான். நடுவுலவனும் தாண்டினான். இரண்டு தடவையும் நிர்வாகத்தின் தலைவர், எல்லாருக்கும் பெரிய சார், நிறைந்த கூட்டத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார். "ஏன் தராசு, உங்க கைக்கு வர்ற பிள்ளைங்க மட்டும் ஏன் இப்படிப் பூரிச்சுப் போறாங்க?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. தராசுக்கு மானமே போயிற்று. அதனால்தான் கடைக்குட்டியின் முதல் கூட்டத்தில், யாரும் கேட்காமலே எழுந்து நின்று வாயை விட்டார். "இவன் சொன்ன எடைக்கு மேல ஒரு கிராம் கூடினாலும் என் மீசையை எடுத்துடறேன்!"

ஆம்புலன்ஸ் சேவைக்காரர்கள் பார்வையிட வருவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கடைக்குட்டியை எடை மேடையில் ஏற்றினார்கள். கூடுதலாகத்தான் இருந்தது. எவ்வளவு என்று பார்த்தால், சொல்லிவைத்த மாதிரி ஓர் இருக்கை அளவு. தராசுக்கு வழி பளிச்சென்று தெரிந்தது. ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் டாக்டருக்கு ஒன்று, நர்ஸுக்கு ஒன்று போக, மூன்றாவதாக ஒரு மடக்கு இருக்கை இருந்தது. நோயாளியின் கூட வருகிற சொந்தக்காரருக்கு. அதைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

கேபின் பிரிவின் தலைவி சிட்டு. ஆள் சிறுத்து இருப்பதால் அந்தப் பெயர், குரல் அப்படியில்லை. எடைப் பிரிவின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், அந்த சீட்டு மேல கை வைக்காதீங்க."

"கை வைக்கலம்மா. கழட்டியே ஆச்சு."

"வேற எதை வேணும்னாலும் எடுங்க. உள்ள பூசுற பெயின்ட்டை எடுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"சொந்தக்காரங்க உள்ள உக்காந்து என்ன பண்ணப் போறாங்க சொல்லு. ஊசி போடுவாங்களா? ஓட்டுவாங்களா? அழுவாங்க. அழறதுக்கு எதுக்கும்மா தனியா ஒரு சீட்டு?"

சிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கோபம் எங்கேயோ போய்விட்டது. "எங்கப்பாவை இப்படித்தான் சார் தூக்கிட்டுப் போனாங்க. வேற கம்பெனி ஹெலிகாப்டர். இடமில்லன்னு அம்மாவை ரோட்லயே விட்டுட்டாங்க. நாங்க பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். அப்பா பொழைச்சுட்டார், நல்லா இருக்கார். எல்லாத்தையும் பேசுவார். அந்தப் பயணத்தைப் பத்தி மட்டும் இன்னிக்கு வரைக்கும் வாயத் திறக்கல."

தராசுக்கு மனசு இளகாமல் இல்லை. ஆனால் மீசை இருக்கிறதே! "பொழைச்சுட்டார்ல? அப்ப சீட்டு இல்லாமலே வேலை நடந்திருக்கு" என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் இதைச் சொன்னது அடுத்த தப்பு. அவள் பல் டாக்டரிடம் உதவியாளர். சொந்தக்காரர்கள் வந்து ஒன்றும் கிழிக்கப் போவதில்லை என்று அவர் பேசிக்கொண்டே போக, அவள் சாப்பாட்டுத் தட்டை டக்கென்று வைத்தாள்.

"நான் அங்க நாள் பூரா என்ன பண்றேன்னு நினைக்கறீங்க? பாதி நேரம் தோள்ல கை வச்சுக்கிட்டு நிக்கறேன். அவ்வளவுதான் வேலை. கையை எடுத்தா, இவ்வளவு பெரிய ஆளுங்க எல்லாம் எந்திரிச்சு ஓடிப் போயிடுவாங்க, தெரியுமா?"

"அது பல்லு. இது ஹெலிகாப்டர்."

"ஆமாமா. நீங்க தினமும் பறக்கறவர் இல்ல?"

தராசு தட்டை இழுத்து வைத்துக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். இது அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். இத்தனை வருஷ சர்வீஸில் அவர் ஒரு தடவைகூட ஹெலிகாப்டரில் ஏறியதில்லை. யாராவது கூப்பிட்டால், "நான் எடையைக் குறைக்கற ஆளு, ஏத்தற ஆளு இல்ல" என்று சிரித்து மழுப்பிவிடுவார். உண்மை என்னவென்றால், ஏணியில் இரண்டாவது படியிலேயே அவருக்குத் தலை சுற்றும்.

வினை அடுத்த வாரமே வந்தது. சோதனைப் பறப்புக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரும் நர்ஸும் வந்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் வழக்கம்போல மணல் மூட்டை ஒன்று பட்டை கட்டிப் படுத்திருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"இதுக்கு நாடி எங்க பாக்கறது? ஊசி எந்தக் கையில குத்தறது? பறக்கும்போது இதையெல்லாம் செய்ய முடியுதான்னு பாக்கத்தானே என்னை வரச் சொன்னீங்க? ஒரு ஆளைப் படுக்க வைங்க."

"மூட்டை விதிப்படி எடைங்க. அதே எடையில ஆள் கிடைச்சாதான் முடியும்" என்றார் விமானி. சொல்லி முடிக்கவில்லை, சுற்றி நின்ற அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. விதிப்படி மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டு நின்றிருந்தார். வருஷக்கணக்காக மார்தட்டிய பிறகு இப்போது எப்படி மாட்டேன் என்பது? "தாராளமா" என்றார். குரல் கொஞ்சம் மெலிந்துதான் வந்தது.

நெற்றியில், மார்பில், தொடையில் என்று பட்டை போட்டு இறுக்கினார்கள். காதில் பஞ்சை அடைத்தார்கள். டாக்டரும் நர்ஸும் விமானியும் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். தராசுக்கு இல்லை. கேபினை வரைந்த நாளிலிருந்து அந்த ஸ்ட்ரெச்சரில் படுத்தது மூட்டைதான், மூட்டைக்கு யாராவது ஹெட்போன் கொடுப்பார்களா? அது ஒரு நாளும் பயமாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அதனால் அவ்வளவு பெரிய படிப்பாளிகளில் ஒருத்தருக்கும் அது தோன்றவே இல்லை.

தரை விட்டுப்போனது முதுகில் தெரிந்தது. வயிறு கீழேயே தங்கிவிட்டது. தலையைத் திருப்ப முடியாது, ஜன்னல் தெரியாது. கண்ணுக்கு நேரே கூரைப் பட்டை ஒன்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதில் வரிசையாக ஓட்டைகள். எல்லாம் அவர் போடச் சொன்னவை. பாவி, இத்தனை ஓட்டை எதற்குப் போடச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டார். "சார்" என்று டாக்டரைக் கூப்பிட்டார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. டாக்டர் நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் கண் திரைமீதே இருந்தது. நர்ஸ் குனிந்து மருந்துப் பெட்டியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள், செய்யத்தானே வேண்டும்? உதடுகள் அசைவது தெரிந்தது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ, ஏதாவது கெட்டுப்போய்விட்டதோ என்று அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. விமானி ஒரு திருப்பம் எடுத்தார். அவ்வளவுதான், மனிதருக்குச் சாவு பயம் வந்துவிட்டது. நன்றாக இருக்கிற ஆளுக்கே இந்தக் கதி என்றால், நிஜமாகவே நெஞ்சு வலியோடு படுத்திருக்கிறவன் என்ன ஆவான்?

கட்டப்படாத இடது கை தானாக வெளியே நீண்டு துழாவியது. சுவரோரம் ஏதோ தட்டுப்பட்டது. கழற்றிய இருக்கையைச் சுவரில் தாங்கிய பிடிமானம். அதை விட்டுவைத்திருந்தார்கள். தராசு அதை எட்டிப் பிடித்துக்கொண்டார். மனைவி இந்நேரம் யார் தோளில் கை வைத்து நிற்கிறாளோ என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இறங்குகிற வரைக்கும் அவர் பிடியை விடவே இல்லை.

பின்கதவு திறந்தது. சிட்டுதான் முதலில் எட்டிப் பார்த்தாள். "சார், இறங்கியாச்சு. விடுங்க." அவர் விடவில்லை, விரல்கள் மடங்கிப் போயிருந்தன. அவளே ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். உள்ளங்கையில் பிடிமானத்தின் அச்சு சிவப்பாகப் பதிந்திருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"உங்கப்பா ஏன் வாயத் திறக்கலைன்னு இப்பத் தெரியுதும்மா" என்றார் தராசு. விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த இருக்கையின் எடையை வேறு எங்கிருந்தாவது பிடுங்கத் தொழிற்சாலையையே சல்லடை போட்டுச் சலித்தார். கம்பளத்தை மாற்றினார், கொக்கிகளைச் சுருக்கினார், மருந்துப் பெட்டியின் மூடியைக்கூட விடவில்லை. கொஞ்சம் குறைந்தது, முழுசாகக் குறையவில்லை. போதாக்குறைக்கு நோயாளிக்கும் ஒரு ஹெட்போன் வைக்கச் சொல்லி மின்சாரப் பிரிவில் போய் நின்றார். எதையாவது சேர்க்கச் சொல்லித் தராசு வந்து நிற்பதை அந்தப் பிரிவு அன்றைக்குத்தான் பார்த்தது. உடம்பு சரியில்லையோ என்று ஒருவர் நெற்றியைத் தொட்டே பார்த்துவிட்டார்.

பார்வையிடும் நாள் காலையில் கண்ணாடி முன்னால் சவரக்கத்தியோடு நின்றார். மீசையைக் கடைசியாக ஒரு தடவை முறுக்கிவிட்டார். "என்னங்க, எனக்கு நேரமாச்சு" என்று வந்த மனைவி, விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு கத்தியை வாங்கிக்கொண்டாள். "கண்ண மூடிக்குங்க. வலிக்காது" என்று சொல்லி அவர் தோளில் ஒரு கையை வைத்தாள்.

கூடத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். கடைக்குட்டி வெள்ளையும் சிவப்புமாக நின்றுகொண்டிருந்தான். தராசு உள்ளே நுழைந்ததும் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. சிலருக்கு இது யார் என்றே தெரியவில்லை. சிட்டு மட்டும் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடைக்குட்டியின் பின்கதவை நோக்கி ஓடினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். திரும்பியபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"எவ்வளவு கூட?" என்றார் பெரிய சார்.

தராசு சொன்னார்.

"மீசையைக் கழிச்சுட்டுச் சொன்னீங்களா, சேத்துச் சொன்னீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்தத் தடவை தராசும் சேர்ந்து சிரித்தார். மேலுதட்டில் காற்று படுவது மட்டும் புதிதாக இருந்தது.

ஆம்புலன்ஸ் சேவையின் தலைவி பல வருஷம் நர்ஸாக இருந்தவர். எஞ்சினைக் காட்டினார்கள், தலையசைத்தார். திரையைக் காட்டினார்கள், தலையசைத்தார். பிறகு அவராகவே உள்ளே ஏறி, மடக்கு இருக்கையைக் கீழே இறக்கி அதில் உட்கார்ந்தார். பக்கத்தில் காலியாக இருந்த ஸ்ட்ரெச்சரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதை நோக்கிக் கையை நீட்டினார்.

"இங்க உக்காந்தா நோயாளி கை எட்டுமா?"

பெரிய சார் சிட்டுவைப் பார்த்தார். சிட்டு தராசைப் பார்த்தாள்.

"எட்டும்மா" என்றார் தராசு. "நான் படுத்துப் பாத்துட்டேன்."